கஷாயத்தில் கலந்தது

அனுஷா முதலாவதாக ஓடி வந்ததும் கண்டீரவா ஸ்டேடியத்தின் கேலரியில் சொர்ணம் போட்ட கூச்சல் வீடு இருக்கிற மர்பி டவுன் வரைக்கும் கேட்டிருக்கும். 2002-ல் தேசிய முகாமுக்கு ஆள் எடுக்க நடந்த எண்ணூறு மீட்டர் ஓட்டம் அது. முகாமில் சேர்ந்தால் ரயில்வே வேலையும் பின்னாலேயே வரும் என்று கோச் இளங்கோவன் சொல்லியிருந்தார். மகளைக் கட்டிக்கொள்ள சொர்ணம் இறங்கி ஓடினாள். அதற்குள் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் அனுஷாவை ஒட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா சார், போலீஸ் மாதிரி கூடவே போவுது அந்தம்மா?" என்று பக்கத்தில் வந்த கோச்சிடம் கேட்டாள்.

"டோப் டெஸ்டும்மா. ஜெயிச்சவங்களுக்கு யூரின் எடுத்து ஊக்கமருந்து இருக்கான்னு பாப்பாங்க. நம்ம பொண்ணுக்கு இன்னா பயம்? சளி மாத்திரைகூட தொடமாட்டா. அதுல இருக்கிற மருந்தே தடை லிஸ்ட்ல கீது, தெரியுமா?"

சொர்ணம் மகளைக் கட்டிக்கொள்ளாமலே நின்றுவிட்டாள்.

மூன்று நாளாக அனுஷாவுக்கு மூக்கடைப்பு. மாத்திரையை நீட்டினால், "கோச் வேணாம்னு சொல்லியிருக்காரும்மா" என்று தள்ளிவிட்டாள். கோச்சாவது கீச்சாவது! சின்ன வயதிலிருந்தே மாத்திரையைத் துப்புகிற பெண்ணுக்குச் சாக்குக்கா பஞ்சம்? வாழைப்பழத்துக்குள் திணித்து ஊட்டியவளுக்கு இது ஒரு பெரிய காரியமா? நேற்றும் இன்று காலையும் மாத்திரையைப் பொடி பண்ணி, மிளகுக் கஷாயத்தில் வெல்லத்தோடு கரைத்துக் கொடுத்துவிட்டாள். தாய் கொடுத்தால் விஷயம் முடிந்தது என்ற மிதப்பு. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் நடக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் மாட்டோம்.

டெஸ்ட் எடுக்கிற அறைக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சொன்னால் ஓட்டம் போச்சு. சொல்லாமல் விட்டால் ஒருவேளை தெரியாமலே போய்விடலாம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அனுஷா ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலாக சீல் உடைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். வேர்த்துக் கொட்டிய உடம்பில் சிறுநீர் வருவதாயில்லை. வரவே கூடாது தாயே என்று சொர்ணம் அல்சூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். எந்தத் தாயாவது இப்படி வேண்டுவாளா?

கோச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "இந்த வாரம் இன்னா மருந்து சாப்பிட்டேன்னு கேட்டாங்கம்மா. ஒண்ணுமே இல்லைன்னு பளிச்சுன்னு சொல்லிட்டா."

அதைத்தான் சொர்ணத்தால் தாங்க முடியவில்லை. நாளைக்கு மருந்து தெரிந்தால், தின்றவள் மட்டுமல்ல, பொய் சொன்னவளும் ஆகிவிடுவாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"மேடம், நான்தான் குடுத்தேன். சளி மாத்திரைய கஷாயத்துல கலந்துட்டேன். கொழந்தைக்குத் தெரியாது. என் மேல எழுதிக்கங்க."

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"யார் குடுத்தாலும் ஒந்தேம்மா, எல்லாம் ஒண்ணுதான். உடம்புல இருந்தா ஓடினவங்கதான் பொறுப்பு. மாத்திரை பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன். ஆனா லேப்ல மருந்து காட்டிச்சுன்னா இந்த ஓட்டம் செல்லாது."

அனுஷா கத்துவாள், பாட்டிலைத் தூக்கி எறிவாள் என்று சொர்ணம் காத்திருந்தாள். எறிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பாட்டிலை மூடி வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் மைசூர்ல ஜெயிச்சேனே, அப்பவும் சளி இருந்துச்சு. அப்பவும் கலந்தியாம்மா?"

மைசூரில் யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஓட்டமாவது அவளுக்கு மிஞ்சும். சொர்ணத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாண்டி," என்றாள்.

அனுஷா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து, "மேடம், அதையும் எழுதிக்குங்க," என்றாள். அம்மா நீட்டிய கையைத் தாண்டிக்கொண்டு, அட்டை மாட்டிய பெண்ணோடு பாத்ரூமுக்குள் போனாள்.