தொட்டியிலிருந்து குளியலறை வரை

ஊருக்கெல்லாம் கரண்ட் இழுத்துக் கொடுக்கிற மனுஷன், கரண்ட் கம்பமே எட்டாத இடத்தில் போய் வீடு கட்டிக்கொண்டார் என்று மச்சினன் கிண்டல் செய்வான். மின்வேலைக்காரன் சிரித்து வைப்பான். இரண்டு அறை, கூரைமேல் சோலார் தகடுகள், பின்னால் ஒரு கிணறு. வெயில் இருக்கும்வரை ஒரு சின்ன மோட்டார் கிணற்றுத் தண்ணீரை இரும்பு ஸ்டாண்டின் மேலிருக்கும் தொட்டிக்கு ஏற்றும். வெயில் தணிந்தால் மோட்டாரும் படுத்துவிடும். அப்போது தொட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் மறுநாள் வெயில்வரை.

அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஈரத் துணியைத் தூக்கிப் போட்டு, இரண்டு பஸ் மாறி, தலைமுடியில் பிளீச்சிங் வாடையோடு வருவாள். ஷவரைத் திறந்தால் நூல் நூலாகத் தண்ணீர் இறங்கும். தலை நனைவதற்குள் கால் கடுத்துவிடும். ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நனைக்க வேண்டியிருக்கிறது என்று தன் தம்பியான அந்த மச்சினனிடம் ஒருமுறை சொன்னாள். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

இந்த வாரம் அவள் வேடிக்கையாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரி குடியிருப்பில் ஓர் அறை காலியாகியிருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று சனிக்கிழமை சூப்பர்வைசரிடம் சொல்லியாக வேண்டும்.

"சண்டை எல்லாம் இல்லைங்க. வந்தா நீங்களும் வாங்க. வரலைன்னா நான் மட்டும் போறேன். என்னால முடியலை, அவ்வளவுதான்."

சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இந்த வீட்டில் அவன் கை படாத செங்கல் கிடையாது. இதில் தனியாக உட்கார்ந்து சோறு தின்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: தொட்டியை உயர்த்துவது. அதில் நியாயமும் இருந்தது. தண்ணீரைத் தள்ளுவது அதன் எடைதான். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு பலமாகத் தண்ணீர் கீழே அழுத்தும். ஆனால் அந்த பலம் சுலபத்தில் கூடாது. மாடி வீட்டுக் குழாயில் வருகிற வேகம் வேண்டுமானால் தென்னை உயரத்துக்கு ஏற்ற வேண்டும். இரண்டடி ஏற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. வெல்டிங் வேலை செய்யும் மச்சினன் ஏற்கெனவே இரண்டு முறை ஸ்டாண்டுக்குக் கால் ஒட்டிக் கொடுத்திருந்தான். இன்னொரு முறை கூப்பிட்டபோது, "போதும் மச்சான், பறவைங்க பாதை மாத்திக்கப் போகுது" என்றான். அதோடு உயரம் கூடக் கூட மோட்டாருக்கு மூச்சு வாங்கியது. மேகம் போட்ட நாளில் தொட்டி பாதிகூட நிறையவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. துணி அலசத் தண்ணீர் பிடிக்க வேண்டும். குளியலறையில் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், வாளியைத் தொட்டியின் அடியிலேயே கொண்டுபோய் வைத்து, தொட்டியைக் கழுவும்போது தண்ணீரை வெளியேற்ற ஸ்டாண்டின் கீழே வைத்திருந்த வால்வைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. முகத்தைத் துடைத்துத் திரும்புவதற்குள் வாளி வழிந்தது.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இங்கே இவ்வளவு பலமா இருக்கே. குளியலறைக்கு வர்றதுக்குள்ளே என்ன ஆகுது?"

அவன் தொட்டியிலிருந்து குளியலறை வரைக்கும் குழாயோடு கூடவே நடந்தான். இத்தனை நாளும் பார்த்த குழாய்தான். சுவரோரமாக வந்து, மூலையில் மடங்கி, ஜன்னலைச் சுற்றி ஏறி இறங்கி, கதவுச் சட்டத்தை ஒட்டிப் போய், மறுபடி மடங்கி ஓடியது. ஒயர் இழுக்கிறவன் பழக்கம் அது. குறுக்கே எங்கும் போகக் கூடாது, கண்ணுக்கு உறுத்தக் கூடாது. மூலையில் திரும்புவதால் மின்சாரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தண்ணீர் அப்படி இல்லை. குழாய் மடங்கும் ஒவ்வொரு எல்போவிலும் உட்சுவரில் மோதிச் சுழன்று, கொஞ்சம் வேகத்தை அங்கேயே விட்டுவிட்டு வரும். குழாயும் ஒடுக்கமாக இருந்தால் வழி நெடுக உரசிக்கொண்டே வரும். அவன் போட்டிருந்தது அரை அங்குலக் குழாய். மெல்லியதாக இருந்தால் வெளியே தெரியாது என்பதற்காக.

"வழியிலேயே களைச்சுப் போயிடுது," என்றாள் அவள். "என்னை மாதிரியே."

கனமான மோட்டாருக்கு மெல்லிய ஒயர் போட்டவனை அவனே எத்தனை முறை திட்டியிருக்கிறான்.

அன்று மத்தியானமே மச்சினன் வண்டியில் ஒன்றரை அங்குலக் குழாய் கொண்டுவந்தான். சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டார்கள். அடுப்புக்கு மேலே குறுக்காக, தலையில் இடிக்கிற உயரத்தில், நேராக ஒரே ஓட்டம். குளியலறையில் ஒரே ஒரு வளைவு. பார்க்கச் சகிக்கவில்லை. "அக்கா, துணி காயப்போட வசதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மச்சினன் கிளம்பிப் போனான்.

சாயங்காலம் அவள் குளிக்கப் போனாள். ஷவர் தரையில் அடிக்கிற சத்தம் சமையலறைவரை கேட்டது. மின்வேலைக்காரன் சுவரில் சாய்ந்து, காரைத் தூசி படிந்த கைகளைக்கூடக் கழுவாமல், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது.

வேகமாக வந்தால் வேகமாகத் தீரும். இதை அவன் யோசிக்கவே இல்லை. காலையில் பாதி தண்ணீர் துணி அலசவே போயிருந்தது. குழாய் வேலை முடியும்வரை மோட்டாரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். வெயிலும் போய்விட்டது.

"என்னங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தலையெல்லாம் சோப்பு."

சமையலறையில் இருந்த குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். செம்பு செம்பாக மொண்டு ஊற்றினான். அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள். பிளீச்சிங் வாடை போயிருந்தது.

"நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட என்ன சொல்லப்போறே?" என்று கேட்டான்.

"காதுக்குப் பின்னாடி ஊத்துங்க."

ஊற்றினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பக்கத்திலேயே இன்னொரு தொட்டி வைக்க அந்த ஸ்டாண்ட் தாங்குமா?"

தாங்கும் என்றான். தாங்காவிட்டால் மச்சினனைக் கூப்பிடலாம் என்றான். அவள் தலையைத் துவட்டியபடி எழுந்து போனாள். அவன் காலிக் குடத்தோடு அவள் எழுந்துபோன ஸ்டூலில் உட்கார்ந்தான்.