லின்சி வைத்துவிட்டுப் போன ரெக்கார்டிங்

துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்கு டிவி போடக் கூடாது என்று யார் சட்டம் எழுதிவைத்தார்களோ தெரியாது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வேதாரண்யம் சாலையை ஒட்டிய அந்த ஊரில், பூசைக்கு ஒழுங்காகப் போகாதவன்கூட இதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பான். போட்டால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் தெருவில் போகிறவன் காதில் பாட்டுச் சத்தம் விழுந்தால் போதும், "புள்ளையப் பறிகொடுத்த வூடா இது?" என்று ஊர் வாயில் நுழைந்து புறப்பட வேண்டியதுதான்.

மகள் லின்சியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கே விண்ணரசி ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்து டிவியின் மேல் போர்த்திவிட்டாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை, ஈஸ்டருக்கு ஒரு முட்டைகூட அவிக்கவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மறந்துபோனார்கள். டிவிக்குக் கீழே இருந்த கேபிள் பெட்டியின் பிளக்கை யாரும் பிடுங்கவில்லை.

மறந்தார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அந்த சுவிட்சுக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 'தயவுசெய்து ஆஃப் பண்ணாதீங்க, முக்கியமா அப்பா' என்று லின்சி எழுதிவைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சுவிட்சைத் தட்ட எந்த அப்பனுக்குக் கை வரும்?

லின்சி தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருவாள், திங்கட்கிழமை விடியலில் போவாள். வாரத்தில் ஐந்து நாள் ஏழரை மணிக்கு ஒரு நாடகம் ஓடும். பூரணி என்று ஒருத்தியின் கதை. தையல் மிஷினை வைத்துப் பிழைக்கிற பெண், கழுத்து நிறையச் சங்கிலி போட்ட மாமியார், பசப்புகிற புருஷன். அதைப் பார்ப்பதற்கென்றே தன் சம்பளத்தில் ரெக்கார்ட் பண்ணுகிற பெட்டியை வாங்கி மாட்டினாள் லின்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மீன்குழம்பு சாப்பிட்டு, அம்மாவும் மகளும் பாயில் சாய்ந்துகொண்டு ஐந்து நாள் கதையையும் ஒரே மூச்சில் பார்ப்பார்கள். "நா வர்றதுக்கு முன்னாடி திருட்டுத்தனமா பாத்தீங்க, அவ்ளோதான்" என்று மிரட்டிவைத்திருந்தாள். விண்ணரசி ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பா மிக்கேல்ராஜ் வயலிலிருந்து வந்து சேற்றுக் காலோடு வாசலில் நின்று, "அந்தப் பய இன்னும் திருந்தலையா?" என்று கேட்பார். இரண்டு பேரும் ஒரே குரலில் "சும்மா இருங்க" என்பார்கள்.

போன வருஷம் ஐப்பசி மழையில், தஞ்சாவூர்ப் பைபாஸில், அவள் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகையில், ஒரு லாரி. பதினோரு நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஊருக்குக் கூட்டிவந்தார்கள், பெட்டியில்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்தது ஜெபமாலை மட்டும்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றி இரண்டு பேரும் முழங்கால் போடுவார்கள். பத்துப் பத்து மணியாக ஐந்து காரணிக்கமும் முடிந்து, மாதா மன்றாட்டு சொல்லிக்கொண்டிருக்கும்போது, போர்வைக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு பொட்டுப்போல் எரியும். பெட்டி ரெக்கார்ட் பண்ண ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எட்டு மணிக்கு அணையும். கரண்டு போய்த் திரும்பி வந்தாலும் தானாக விழித்துக்கொண்டு வேலையைப் பார்க்கும். திங்கள் முதல் வெள்ளி வரை ஒருநாள் தப்பாது. சனி ஞாயிறு எரியாது.

மிக்கேல்ராஜ் அந்த அரைமணி நேரமும் எழுந்திருக்க மாட்டார். ஜெபம் முடிந்தும் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் லின்சியின் துணியெல்லாம் கொடுத்தாயிற்று, வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று, போன் அணைந்து கிடந்தது. அவள் சொன்ன சொல்லை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். அவருக்கு அது போதுமாயிருந்தது. விண்ணரசிக்கும் அந்த விளக்கு தெரியும். அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வருஷப் பூசை முடிந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் முறைப்படி விண்ணரசி போர்வையை எடுத்துத் துவைக்கப் போட்டாள். மிக்கேல்ராஜ் டிவியைப் போட்டார். படம் வரவில்லை. நீலத் திரையில் நாலு வரி நின்றது. 'புதிய மென்பொருள் தயார். நிறுவினால் பழைய பதிவுகள் அனைத்தும் அழிந்துவிடும். நிறுவலாமா?' கீழே 'ஆம்' என்று ஒன்று, 'பிறகு' என்று ஒன்று.

'பிறகு' என்பதை அழுத்திவிட்டு, கேபிள்காரர் காதர் மைதீனுக்குப் போன் போட்டார். அவரும் மழைக்கோட்டோடு வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"எல்லா ரெக்கார்டர் பெட்டிக்கும் இது வருதுண்ணே. ஆம்னு குடுத்தா பழசு பூரா போயிரும்."

"குடுக்கலன்னா?"

"மாசக் கடைசியோட ஒரு சேனலும் எடுக்காது. உள்ள இருக்கறது இருக்கும், பாத்துக்கலாம். ஆனா புதுசா ஒண்ணும் ரெக்கார்ட் ஆவாது."

"பென் டிரைவ்ல எடுத்துக் குடுத்துடேன் பாய்."

"பூட்டு போட்டுத்தான் அனுப்புறான். இந்தப் பெட்டிய விட்டு வெளிய வராது." காதர் மைதீன் கொஞ்சம் தயங்கினார். "நாடகந்தானண்ணே? போன்லயே பூரா கெடக்கும். நானே எடுத்துத் தரேன்."

"நாடகத்த யாருய்யா கேட்டா?" என்று மிக்கேல்ராஜ் கத்திவிட்டார். காதர் மைதீன் சுவிட்சுக்கு மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் படித்தார். விண்ணரசி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "வரேன்க்கா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

மிக்கேல்ராஜுக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் நிலைதான். 'ஆம்' என்றால் மகள் சேர்த்துவைக்கச் சொன்னது அத்தனையும் போய்விடும். வேண்டாம் என்றால் அவள் ஏற்றிவைத்த விளக்கு மாசக் கடைசியோடு அணைந்துவிடும். எதை விடுவது? நட்ட நாற்று வேர்பிடித்துத் தெளிந்துகொண்டிருந்த சம்பா வயலில் வரப்பு வரப்பாக நடந்து யோசித்துப் பார்த்தார். தண்ணீர் வடியவைக்கப் போனவர் மடையைத் திறக்காமலே திரும்பி வந்தார்.

அன்று ஜெபம் முடிந்ததும் விண்ணரசியே பேச்சை எடுத்தாள்.

"ஆம்னு குடுத்துருங்க."

"என்னாது?"

"அழிஞ்சா அழியட்டும். தெனம் அந்த வெளக்கு எரிஞ்சி, அவளுக்குன்னு உள்ள சேந்துக்கிட்டே இருக்குன்னு நெனைக்கிறப்பல்லாம், சனிக்கெழம வந்துருவான்னே தோணுதுங்க. வெள்ளிக்கெழம ராவு கூடக் கொஞ்சம் அரிசி ஊறப்போட்டுடுறேன். ஒரு வருஷமா. ஒங்களுக்குத் தெரியுமா அது?"

அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் வந்த கோபம் வேறு. "பெத்தவளாடீ நீ? அவ பேரு சொல்ல இருக்கற ஒண்ணையும் தொடச்சிப்போட்டுடச் சொல்ற" என்றார். விண்ணரசி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு நாள் அந்த வீட்டில் சோறு போடுகிற சத்தமும் தட்டு கழுவுகிற சத்தமும்தான் கேட்டன.

மாசக் கடைசி நாள். காலையிலிருந்து அடைமழை. வயலுக்குப் போக வழியில்லை. மிக்கேல்ராஜ் டிவி முன்னால் உட்கார்ந்து, அழிக்கப் போவதில்லை என்று முடிவுகட்டியவராக, உள்ளே என்னதான் இருக்கிறது என்று முதல்முறையாகத் திறந்து பார்த்தார். தேதி தேதியாக வரிசை நின்றது, இருநூற்று அறுபதுக்கும் மேலே. அவருக்கு மனசு நிறைந்தது. மேலே இருந்த ஒன்றை, நேற்றைய தேதியை, அழுத்தினார்.

மேடை. கலர் கலராக லைட்டு. நாலு பையன்கள் குட்டிக்கரணம் போட்டு ஆடினார்கள். மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போட்டார்கள்.

தப்பாக அழுத்திவிட்டோமென்று முந்தின நாளைப் போட்டார். அதே மேடை. போன மாதத்தைப் போட்டார். அதே நாற்காலிகள். ஆட்டச் சத்தம் கேட்டு விண்ணரசி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"இது பூரணி நாடகம் இல்லீங்களே."

"தெரியுது."

"எப்ப முடிஞ்சிது அது?"

இரண்டு பேரும் பின்னால் பின்னால் போனார்கள். ஆவணி, ஆடி, வைகாசி, எல்லாம் ஆட்டம்தான். பங்குனியிலும் ஆட்டம். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமையில்தான் பூரணி இருந்தாள். நாடகம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. லின்சி பெட்டியில் நாடகத்தின் பேரைச் சொல்லி வைக்கவில்லை. சேனலையும் நேரத்தையும் சொல்லி வைத்திருந்தாள். பெட்டி அதை அப்படியே செய்தது. அதற்கு அறிவு அவ்வளவுதான். எட்டு மாதமாக ஏழரை மணிக்கு எதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தோம் என்று மிக்கேல்ராஜ் நினைத்துப் பார்த்தார்.

"அந்தக் கடைசியப் போடுங்க" என்றாள் விண்ணரசி. "முடிவு தெரியாமயே போயிட்டா எம்புள்ள."

போட்டார். பூரணி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கார் மோதி நாற்பது நாளாக நினைவில்லையாம். தலையில் ஒரு சின்னக் கட்டு, நெற்றியில் குங்குமம் கலையவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, இனி கடவுள் விட்ட வழி என்றார். புருஷன்காரன் திருந்தி வந்து அவள் கையைப் பிடித்து அழுதான். ஒரு விளம்பரம் போனது. திரும்பி வந்தபோது பூரணியின் விரல் அசைந்தது. கண்ணைத் திறந்தாள். அம்மா என்றாள். மாமியாரும் சேர்ந்து எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று சிரித்தார்கள். வணக்கம் போட்டு முடித்தார்கள்.

விண்ணரசி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாமளும்தாங்க கையப் புடிச்சிக்கிட்டு அழுதோம்" என்றாள். "பதினோரு நாள். ஒரு வெரல்கூட அசைக்கல அவ."

அப்புறம் அவள் அழுத அழுகை அடக்கத்தன்று அழுததைவிடப் பெரிசு. மிக்கேல்ராஜ் தரையில் நகர்ந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் அழுகை வந்தது. பெத்தவளா என்று கேட்ட வாயை என்ன செய்தால் தகும் என்று இருந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவரே ரிமோட்டை எடுத்து, அந்த நீலத் திரையை வரவழைத்து, 'ஆம்' என்பதை அழுத்தினார்.

திரை கறுத்தது. ஒரு கோடு இடமிருந்து வலமாக நிறைந்தது. பெட்டி அணைந்து, மறுபடி எழுந்து, இதுவரை பார்க்காத ஒரு பச்சைத் திரையைக் காட்டி நல்வரவு சொன்னது. அதன்கீழே ஒரு கேள்வி வந்தது.

'இந்த வீட்டில் எத்தனை பேர்?'

மிக்கேல்ராஜ் எண்ணிப் பார்க்கவில்லை. கைப்பழக்கத்தில் மூன்றை அழுத்திவிட்டார். மூன்று கட்டங்கள் வந்து, பெயர்களைக் கேட்டு நின்றன. முதல் கட்டத்தில் தன் பெயரை எழுத்து எழுத்தாகத் தேடிப் போட்டார். இரண்டாவதில் விண்ணரசி. மூன்றாவதில் பெட்டி காத்துக்கொண்டிருந்தது. அவர் விரல் 'ல' வரைக்கும் போய் நின்றது.

விண்ணரசி அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். பின்னால் போய், மூன்றை எடுத்துவிட்டு, இரண்டைப் போட்டாள்.

'இரண்டு பேர். சரியா?' என்று கேட்டது பெட்டி.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ரிமோட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். மிக்கேல்ராஜ் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படித்தார். "சரி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினார்.