மூன்றாம் தூண்

வடகரைக்கு மேற்கே, மலையடியில் இருந்த அபிரகச் சுரங்கத்தில் ஆழத்து அறையைத் தாங்கியவை நான்கு தூண்கள். யாரும் கட்டியவை அல்ல, பாறையைக் குடைந்தபோது வெட்டாமல் விட்டவை. 1957 ஆடியில், மூன்றாம் தூணை வெடி வைத்து எடுக்க உத்தரவு வந்தது. அதன் விளிம்பில் காக்காப்பொன், அதாவது அபிரகம், கட்டுக்கட்டாக இருந்தது. தாம்பாளம் அகலத்துக்கு உரியும் என்றார் மேனேஜர் பால்வண்ணநாதன்.

நான் அங்கே ஜியாலஜிஸ்ட். தூணை எடுத்தால் கூரை தாங்காது, அல்லது எடுக்கலாம் என்று பதிவேட்டில் எழுத வேண்டியவன். நான் எழுதாமல் வெடி கிடையாது.

"கிதிர் தம்பி, ஒரு கையெழுத்துதான். நாளைக்குப் பதினோரு பேர எறக்கணும்," என்றார் மேனேஜர்.

"பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"இன்னும் என்னத்தப் பாக்கப்போறீரு? வீட்ல நடந்ததுல நீரு கொழம்பிப் போயிருக்கீரு."

என் மனைவி மெஹர் பானு இறந்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டேன். குழப்பம் இல்லை. எதுவுமே இல்லை.

வெடிக்காரர் சுடலையாண்டியுடன் இறங்கினேன். குற்றாலத்துச் சாரல் இங்கேயும் விழுந்துகொண்டிருந்தது, சுவரெல்லாம் கசிவு. அவர் சுத்தியலால் தூணின் நெஞ்சுயரத்தில் தட்டினார்.

"கேக்குல்லா? கோயில் மணி கணக்கா."

கேட்டது. தூணின் நடுவில் இருந்தது வெங்கச்சங்கல், உறுதியான குவார்ட்ஸ். அது எத்தனை ஆயிரம் வருடம் ஆனாலும் தண்ணீருக்கு அசையாது. ஆனால் அதைச் சுற்றி ஃபெல்ஸ்பார். பார்க்க அதுவும் வெள்ளைதான். தண்ணீர் இறங்க இறங்க அது மாவாகும். அடியில் உடைகல்லைக் குவித்திருந்தார்கள். அதை விலக்கினேன். தூணின் கால் சட்டிபோலக் குடையப்பட்டிருந்தது. வெள்ளை மண்ணில் விரல் தடங்கள். பென்சிலை அழுத்தினேன். பாதி உள்ளே போயிற்று.

"ஏலே!" என்றார் சுடலையாண்டி, தனக்குத்தானே. சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.

இருவரும் மேலே ஏறினோம். கொட்டகையில் காக்காப்பொன் உரிக்கும் பெண்களிடம், தூணடியில் மண் எடுத்தது யார் என்று கேட்டேன். அவர்களில் மூத்தவள் பேச்சித்தாய் மறைக்கவில்லை.

"நாங்கதான் தம்பி எடுத்தோம். அம்மன் கோயில் கொடைக்கு வருசா வருசம் வீட்டுக்கு வெள்ளையடிக்க. எங்க தெருவே அந்த மண்ணுதான்."

"தூண் ஆச்சே, பேச்சித்தாய்."

"மலையில்லா அது? ஆளுக்கு ஒரு கடகப்பொட்டி எடுத்தா மலை கொறையுமான்னு நெனச்சோம்." சற்று நிறுத்தினாள். "ஒங்க வீட்டுச் சொவரும் அதுதான். பானு ஆசப்பட்டுக் கேட்டுச்சு. நாந்தான் ரெண்டு கடகம் கொடுத்தேன்."

அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் தினமும் படுக்கிறேன்.

பின்னாலேயே வந்திருந்த மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். முகம் தெளிந்துவிட்டது.

"அப்படியா சேதி? கம்பெனி மண்ணக் களவாண்ட கேசு. அத்தன பேரும் ஸ்டேஷனுக்குப் போகணும்." என் பக்கம் திரும்பினார். "நீரு கையெழுத்துப் போடும், நான் இதக் கேக்கவே இல்லன்னு வச்சுக்கிடுதேன்."

பெண்கள் என்னையே பார்த்தார்கள். மேனேஜர் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். மூன்றாம் தூணின் கால் களிமண்ணாகிவிட்டது. நீர்க்கசிவே முதற்காரணம். வெடித்தால் கூரை இறங்கும். எவரும் உள்ளே போகக் கூடாது. அடியிலிருந்து மண் எடுத்த வீடுகள்: ஒன்று, கிதிர் முகம்மது, கம்பெனி ஜியாலஜிஸ்ட்.

வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டாவதா எம்பேர எழுதும்," என்றாள் பேச்சித்தாய்.

"மூணு, முப்பிடாதியம்மா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எம்மருமவ பேரையும் எழுதும். அவதான் பெரிய கடகமா எடுத்தா!"

சிரிப்பு எழுந்தது. பதினேழு பெயர் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

மேனேஜர் பதிவேட்டைப் பிடுங்கினார். "எவனும் எறங்காட்டா வெளியூர் ஆள வச்சு வெடிப்பேன்! சுடலையாண்டி, நீ எறங்குதியா இல்லியா?"

"நீங்க முன்னால எறங்குங்க அண்ணாச்சி. நான் வெளக்கப் பிடிக்கேன்."

அவர் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த சுரங்க ஏணி வரை போனார். ஒரு கால் வைத்தார். கீழே தண்ணீர் சொட்டுவது எல்லோருக்கும் கேட்டது. காலை எடுத்துவிட்டார்.

"ஒமக்கு வேலை போச்சு," என்றார் என்னிடம். "பொழுது சாயுமுன்ன கம்பெனி வீட்டக் காலி பண்ணணும்."

"வேலையை எடுத்துக்கிடும். நான் இதுல எழுதினதுக்கு ஒரு நகல் மதராசுல சர்க்காருக்கு இன்னைக்கே தபால்ல போகும்," என்றேன். "வீட்டைக் காலி பண்ண மாட்டேன். ஆள் கூட்டிட்டு வாரும்."

பேச்சித்தாய் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "வரட்டும். நாங்களும் அங்கனதான் இருப்போம்."