ஒரு விரல் வாட்டம்

1

இந்தக் கதை நான் யோசித்து எடுத்ததல்ல. துஷ்டி கேட்கப் போன வீட்டில் கிடைத்தது. வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. தேவசிகாமணி அண்ணாச்சியின் மனைவி சாலோமி இறந்து ஐந்தாம் நாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என்ன பேசுவதென்று தெரியாமல், "தரை நல்லாருக்கே அண்ணாச்சி, யாரு போட்டது?" என்று கேட்டுவிட்டேன். (இழவு வீட்டில் இப்படிக் கேட்பவன் கதை எழுதுகிறவனாகத்தான் இருப்பான்.)

"நாந்தான்வே போட்டேன்," என்றார். "அதுலதான் அவ விழுந்தா."

2

முதல் வரிக்கு மூன்று தடவை முயன்றேன்.

சாலோமி விழுந்த சத்தம் கேட்டபோது தேவசிகாமணி காப்பியை –

(வேண்டாம். எடுத்த எடுப்பில் வாசகரை மிரட்டுவது போலிருக்கிறது.)

அந்த மார்கழியில் தாமிரபரணி வீட்டுக்குள் –

(வெள்ளத்தை எல்லோரும் எழுதியாயிற்று.)

டைல்ஸ் ஒட்டுவது ரொம்ப எளிது என்று கைப்பேசி வீடியோவில் ஒருவன் சிரித்துக்கொண்டே –

(அவன் மேல் என்ன குற்றம்? அவன் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தான்.)

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

3

தேவசிகாமணி பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் குடுவையும் தராசுமாகக் கழித்த மனுஷன். சாலோமி தையல் டீச்சர். போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. 'சரி' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி. எந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று அண்ணாச்சிக்குத் தெரியும்.

வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கப் பழகியிருந்த நேரத்தில்தான் வெள்ளம். இரண்டு நாள் வீட்டுக்குள் நின்ற தண்ணீர் வடிந்தபோது சிமெண்டுத் தரை பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து கிடந்தது. வாக்கரின் கால் ஒவ்வொரு குழியிலும் மாட்டியது. சாலோமி மறுபடி கட்டிலோடு ஆனார். ஊரே ஒரே சமயத்தில் வீட்டைப் பழுது பார்த்ததில் கொத்தனார் ஒருவரும் கிடைக்கவில்லை. "சித்திரை கழியட்டும் அண்ணாச்சி" என்றார்கள். அதுவரைக்கும் படுத்தே கிடந்தால் கால் நடையை மறந்துவிடும் என்று, பயிற்சி கொடுக்க வரும் கிரேஸ் சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சி தானே இறங்கினார்.

4

படுக்கையறையிலிருந்து குளியலறை வரைக்கும் போகும் நடைவழி, அப்புறம் குளியலறை. பழைய தரையைக் கொத்தி எடுத்தார். நூல் கட்டினார். டைல்ஸை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார். சிமெண்டுக் கலவையைப் பரப்பி, ஒவ்வொன்றாக வைத்து, ரப்பர் சுத்தியலால் பையத் தட்டினார். கெட்டிச் சத்தம் வந்தால் நல்லது. உள்ளே காலியாகக் கேட்டால் பெயர்த்துத் திரும்ப வைக்கவேண்டும். முதல் நாள் ஏழுதான் நின்றது. முட்டி இரண்டும் வீங்கிவிட்டன.

சாலோமி நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு டைல்ஸ் உட்கார்ந்ததும் அண்ணாச்சி அண்ணாந்து பார்ப்பார். "சரி," என்பார் சாலோமி. பதினாறு நாள் இப்படி.

"கல்யாணம் ஆன புதுசுலகூட நாங்க ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் ஒண்ணா இருந்ததில்லவே," என்றார் என்னிடம்.

நடையில் ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது. குளியலறையில்தான் தவறிவிட்டது. அங்கே தரை மட்டமாக இருக்கக்கூடாது. தண்ணீர் வெளியேறும் பக்கம் பார்த்து வாட்டம் வேண்டும். வாட்டம் கொடுத்தார். ஆனால் கதவுப் பக்கம் ஒரு விரல் தாழ்ந்துபோனது. ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் நடைக்கு வந்தது.

"தொடச்சிக்கிடலாம்னு நெனச்சேன். திரும்ப ஒடச்சா அவ இன்னும் பத்து நாள் கட்டில்ல கெடக்கணும்லா."

(இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆசை வந்தது. சாலோமி சொன்னது 'சரி' அல்ல, 'சரிவு'. கணவரை எச்சரிக்கத்தான் பார்த்தார், பாதிச் சொல்லோடு நாக்கு நின்றுவிட்டது என்று எழுதிப் பார்த்தேன். பிரமாதமாக வந்தது. பிறகு அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் யாரும் தரைக்குச் சரிவு என்று சொல்வதில்லை, வாட்டம்தான். அதோடு, ஒரு பெண்ணுக்கு மிஞ்சிய ஒரே சொல்லையும் பறித்து வித்தை காட்டுவது என்ன பிழைப்பு?)

5

ஐந்து வாரம் சாலோமி அந்தத் தரையில் நடந்தார். பின்னாலேயே அண்ணாச்சி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. அண்ணாச்சி அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் குளித்த தண்ணீர் நடையில் கிடந்தது. காப்பியைக் கொடுத்துவிட்டுத் துடைப்போம் என்று விட்டிருந்தார். அன்றைக்கு சாலோமி அவரைக் கூப்பிடவில்லை. முதல்முறையாகத் தானே எழுந்து, தானே வாக்கரைப் பிடித்து, தனியாக வந்திருக்கிறார். அந்தத் தரை அவருக்கு அவ்வளவு தைரியத்தைக் கொடுத்திருந்தது.

இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்தார்கள். ஒன்பதாம் நாள் நெஞ்சில் சளி கட்டி எல்லாம் முடிந்துபோனது.

மகள் ரீபா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அடக்கம் முடிந்து வந்து அந்த நடையில் நின்றாள்.

"ஒரு கொத்தனார் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலியாப்பா? அதுவும் நடக்க மாட்டாதவங்களுக்கு இப்பிடிப் பளபளன்னா எடுப்பீங்க?"

"நாந்தான் எடுத்தேன். பாக்க அழகா இருந்துச்சு."

மூன்றாம் நாள் கிளம்பிப் போனவள் இன்றுவரை அப்பாவின் போனை எடுப்பதில்லை.

6

விவரம் சேகரிக்க என்று சொல்லிக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் அலி அஸ்கருக்கு அண்ணாச்சியை நன்றாக நினைவிருந்தது.

"சொரசொரப்பா உள்ளதைத்தான் அண்ணாச்சி கையில வச்சிருந்தாரு. நானும் அதைத்தான் சொன்னேன். அந்தம்மா வாசல்ல ஆட்டோவுக்குள்ள இருந்தாங்க. ஒவ்வொண்ணா கொண்டுபோய்க் காட்டுனாரு. இந்த வெளிர் மஞ்சளைப் பாத்ததும் இடது கையால தடவிப் பாத்துச் சிரிச்சாங்க. அண்ணாச்சி உள்ள வந்து, 'வே, நாலு மாசத்துல இப்பத்தான் சிரிக்கா. இதையே போடும்'னாரு."

ஆக, ரீபாவிடம் அவர் சொன்னது பொய். நேரே போய்க் கேட்டேன்.

"அவகிட்டச் சொல்லிராதயும்வே."

"சொன்னா உங்ககூடப் பேசுவா அண்ணாச்சி."

"பேசுவா. பேசி? அம்மா ஆசப்பட்டு எடுத்ததுலயே விழுந்து செத்தான்னு அந்தப் பிள்ள காலம்பூரா நெனைக்கணுமா?"

7

முடிவுகள்.

அ) ரீபா திரும்பி வருகிறாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். (வரவில்லை.)

ஆ) அண்ணாச்சி சம்மட்டியை எடுத்து அத்தனை டைல்ஸையும் உடைக்கிறார். (கேட்டுப் பார்த்தேன். "எதுக்குவே? அவ பாத்துப் பாத்துச் சரின்னு சொன்னதுல்லா" என்றார்.)

இ) ஒருநாள் விடியற்காலையில் அண்ணாச்சி ஆற்றுப் பக்கம் –

(இதை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் தினமும் காலையில் அவர் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.)

8

ஆறாம் பகுதியை மட்டும் விட்டுவிட்டு அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீரு. ஆனா என்னைய ரொம்ப நல்லவனாக்கிட்டீரு. இன்னுங்கொஞ்சம் கெட்டவனா எழுதும்."

"ஏன் அண்ணாச்சி?"

"ரீபா படிச்சாலும் படிப்பா. எம்மேல உள்ள கோவத்துலதான் அவ காலைல எந்திரிச்சி வேலைக்குப் போய்க்கிட்டிருக்கா. அதையும் பிடுங்கிட்டா எதப் பிடிச்சிக்கிட்டு நிப்பா?"

வீட்டுக்கு வந்து முயன்று பார்த்தேன். தேவசிகாமணி ஒரு பிடிவாதக்காரர், யார் சொல்லும் கேளாதவர், மனைவியின் வலியைக்கூட –

கை ஓடவில்லை.

ஆறாம் பகுதியை எடுத்துவிடத்தான் வேண்டும். எடுக்கவில்லை. நீங்களும் வாசித்துவிட்டீர்கள். தெரு, தேதி, மற்றவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். மகளின் பெயரை மாற்ற மூன்று முறை பேனாவை எடுத்தேன். மூன்று முறையும் கீழே வைத்துவிட்டேன். பெங்களூரில் ரீபா என்று ஒருத்தியை உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவளிடம் கொடுப்பதா, மடித்து உள்ளே வைத்துவிடுவதா என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். நான் எதைச் செய்தாலும் அந்த வீட்டில் யாராவது ஒருவர் தாங்கமாட்டார்.