மச்சான் பொடியா, மாப்பிள்ளை பொடியா?

குதிரை டாக்டரின் ஜீப் லாயத்து வாசலில் நிற்பதற்குள், சவாரிப் பள்ளி முதலாளி இரண்டு டப்பாக்களையும் வைக்கோலுக்குள் திணித்தார். இரண்டும் கிழக் குதிரைக்கான மூட்டுப் பொடி. ஏதாவது ஒன்றை மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆனால் ஒன்றை விற்பது மனைவியின் தம்பி, மற்றதை விற்பது மகளின் கணவர். எதை விட்டாலும் வீட்டில் ஒரு முகம் தூக்கிக்கொள்ளும். ஒரு மாதம் பஞ்சாயத்து பேசியும் முடியாமல், இரண்டையும் தீவனத்தில் கலக்கும்படி லாயக்காரரிடம் முதலாளி சொல்லிவிட்டார்.

இன்றும் நொண்டினால் குதிரையைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட வேண்டும்.

டாக்டர் அதை நடக்கவிட்டார், ஓடவிட்டார். நொண்டவே இல்லை.

"இங்கயே இருக்கட்டும். எந்தப் பொடி கொடுத்தீங்க?"

முதலாளி லாயக்காரரைப் பார்த்தார். லாயக்காரர் தலையைச் சொறிந்தார்.

"எதையும் அது மோந்துகூடப் பாக்கலைங்க. வாளியை உதைச்சுத் தள்ளிடுச்சு."

"அப்புறம் எப்படிய்யா கால் சரியாச்சு?" என்றார் முதலாளி.

லாயக்காரர் அவருடைய தொப்பையைப் பார்த்தும் பார்க்காமலும் சொன்னார்:

"பஞ்சாயத்து நடந்த இந்த ஒரு மாசமா நீங்க அதுமேல ஏறவே இல்லைங்களே, முதலாளி."