ஆறு வரிசை முதுகுகள்

1

இந்தக் கதையின் நாயகி மூன்று முழுப் பாட்டுக்கு என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவள். கதை பிறந்தது அங்கேதான். யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

தொடக்கத்துக்குப் பல வரிகளை முயன்று பார்த்தேன்.

மழை விட்டிருந்தது. கோலாலம்பூர் வானத்தில்—

(நம்மூர்க் கதைகளில் பாதி, மழை விட்டுத்தான் தொடங்குகின்றன. வேண்டாம்.)

ஐம்பதாயிரம் குரல்கள் ஒரே குரலாக எழுந்தபோது—

(நான் எண்ணவில்லை. பக்கத்தில் இருந்தவர் பாடிய பாட்டே வேறு.)

நடந்ததைத்தான் எழுதுகிறேன், ஆனால் இடத்தை மாற்றியிருக்கிறேன். கிள்ளான் ஆற்றோரம் நானே ஒரு விளையாட்டரங்கம் கட்டிக்கொண்டேன். நிஜ ஊரில் அதைத் தேட வேண்டாம். ரெயின் டிப்போ என்ற ரோக் இசைக்குழுவின் பெயரும் நான் வைத்ததே. முப்பது வருடமாக உலகம் சுற்றும் நான்கு பேர், இங்கே வருவது முதல் தடவை. அவ்வளவு தெரிந்தால் போதும்.

2

ஷாமினிக்கு முப்பத்தாறு வயது. கிள்ளானில் வீடு. துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கப்பல் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை. பத்து வருடத்துக்கு முன் பந்திங் சாலையில் ஒரு விபத்து. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

(முதல் வரைவில் அந்த விபத்துக்கு இரண்டு பக்கம் கொடுத்திருந்தேன். ஈரச் சாலை, லோரியின் விளக்கு, எல்லாம் இருந்தன. படித்துவிட்டுப் போன் செய்தாள். "அங்கிள், நான் அப்ப மயங்கிக் கெடந்தேன். எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே வரியில முடிங்க." முடித்துவிட்டேன். எனக்கு நாற்பத்தெட்டு வயதுதான் என்பதையும் இந்த அடைப்புக்குறிக்குள் பதிவு செய்கிறேன்.)

கல்லூரி நாட்களில் மூன்று பையன்களோடு அவள் ஓர் இசைக்குழு வைத்திருந்தாள். அதில் டிரம்ஸ் வாசித்தது அவள்தான். விபத்துக்குப் பிறகு அந்த டிரம்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டாள். கைகளில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் டிரம்ஸில் பாதி வேலை காலுக்கு. நடுவில் இருக்கும் பெரிய டிரம்மைக் காலால் மிதித்தால்தான் அந்த அடிவயிற்று ஓசை வரும். அது இல்லாமல் வாசிப்பது உப்பில்லாத சோறு என்று அவளே சொல்வாள்.

ரெயின் டிப்போவில் டிரம்ஸ் வாசிப்பவள் மொய்ரா, அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரி. இந்தச் சுற்றுப்பயணத்தில் எட்டாவதாகப் பாடும் பாட்டின் நடுவே மற்ற மூவரும் நிறுத்திக்கொள்ள, மொய்ரா மட்டும் தனியாக முக்கால் நிமிடம் வாசிப்பாள். அந்த இடத்தில் ஒரு கனத்த ஓசை தும், தும் என்று விழும். அது காலால் வருகிறதா, கையால் வருகிறதா? ஷாமினிக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். கிடைத்த வீடியோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். சரியாக அந்த இடத்தில் கேமரா பாடகனின் முகத்துக்குத் தாவிவிடும்.

"பாட்டு கேக்கறதுக்கு வீடு போதும் அங்கிள்," என்றாள் என்னிடம். "நான் பாக்க வந்தேன்."

துணைக்கு வந்தவன் அவள் தம்பி லோகன். லோரி ஓட்டுகிறான். பழைய சினிமாப் பாட்டைத் தவிர வேறு எதுவும் அவன் காதில் ஏறாது. ஆகவே இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்திருந்தான்.

3

சக்கர நாற்காலிகளுக்கென்று கீழ்த்தளத்தில், ஆறு வரிசை இருக்கைகளுக்குப் பின்னால், கம்பி கட்டிய ஒரு மேடை இருந்தது. மேடை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு சாண் உயரம் இருக்கும். முன்னால் இருப்பவர்கள் உட்கார்ந்திருக்கும்வரை அங்கிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மைதானத்துக் கூட்டம், அதற்கப்பால் பாட்டு மேடை, அதன் நடுவே உயரத்தில் மொய்ராவின் டிரம்ஸ். ஷாமினி லோகனின் கையைக் கிள்ளினாள். "தெரியுதுடா. நல்லா தெரியுது."

விளக்குகள் அணைந்தன. முதல் கிட்டார் ஒலித்ததும் ஆறு வரிசையும் எழுந்து நின்றது.

ஒரு பாட்டு முடிந்தால் உட்காருவார்கள் என்று அவள் நினைத்தாள். யாரும் உட்காரவில்லை. நேர் முன்னால் நின்ற சிவப்பு டி-ஷர்ட் ஆசாமி இரண்டு கைகளையும் உயர்த்திப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். லோகன் எட்டி அவன் தோளைத் தட்டினான்.

"அண்ணே, கொஞ்சம் உட்காருங்களேன். அக்காவுக்கு ஒண்ணுமே தெரியல."

4

இந்த இடத்தில்தான் கதை ஒரு மாதம் நின்றுபோனது.

ஒரு வரைவில், சிவப்பு டி-ஷர்ட் உடனே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டது. இன்னொன்றில் அந்த ஆளே இல்லை. இரண்டையும் நன்றாகவே எழுதியிருந்தேன். ஷாமினி இரண்டையும் திருப்பி அனுப்பினாள்.

நடந்தது இது. அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சொன்னான்: "முன்னாடி உள்ளவங்க நிக்கிறாங்க. நான் மட்டும் என்ன பண்றது லா?"

அவன் என்று எழுதியிருக்கிறேன். நான்.

நிறைய நேரம் யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் பொய் இல்லை. நான் உட்கார்ந்தாலும் எனக்கு முன்னால் ஐந்து வரிசை நிற்கிறது. ஆனால் அதைச் சொன்ன கையோடு போனை மறுபடி உயர்த்தினேனே, அதற்கு என்ன நியாயம் சொல்வது?

5

மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஷாமினி சக்கரத்தின் பிரேக்கை விடுவித்தாள். அக்கா கழிவறைக்குப் போகிறாள் என்று லோகன் நினைத்துக்கொண்டான். அவள் நேராக வெளிவாசலுக்குப் போனாள்.

வாசலில் ஒரு காவலாளிப் பெண் நின்றிருந்தாள். சட்டையில் விஷ்ணுப்ரியா என்ற பெயர்ப்பட்டை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"அக்கா, இதத் தாண்டிட்டா திரும்ப உள்ள விட மாட்டாங்க. ரூல்."

"பரவால்ல. இருந்தும் ஒண்ணும் தெரியல."

"நிக்கிறாங்களா?"

"நிக்கிறாங்க."

"நான் வந்து சொல்லுவேன். ஆனா இந்த இடத்த விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க." அவள் கையிலிருந்த ரேடியோவில் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். கரகரப்புதான் வந்தது. "சாரிக்கா."

அந்த நொடியில் ஷாமினியின் மனத்தில், கடந்துபோன பத்து ஆண்டுகளின்—

("மனசுல ஒண்ணும் இல்ல. கோவம். அப்படியே எழுதுங்க.")

கோபம். உறவுக்காரர்கள் கல்யாணத்தில், தைப்பூசத்தில், சினிமா கொட்டகையில் என்று பத்து வருடமாக முதுகுகளைத்தான் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தம்பியோ அம்மாவோ யாரையாவது கெஞ்சுவார்கள், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தான் வாய் திறந்து கேட்டதே இல்லை என்பது வாசல்கோட்டில் வைத்துத்தான் அவளுக்கு உறைத்தது. உள்ளே நான்காவது பாட்டு ஆரம்பித்திருந்தது. எட்டாவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நாற்காலியைத் திருப்பினாள்.

6

யாரோ என் டி-ஷர்ட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள்.

"அங்கிள், உங்க முதுகு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் டிக்கெட் வாங்குனது அதப் பாக்க இல்ல."

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பழைய பதிலையே மறுபடி சொன்னேன். "நான் உட்காந்தாலும் முன்னாடி அஞ்சு வரிசை நிக்குதேம்மா."

"அப்ப அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. என்னால அந்தப் படியில இறங்க முடியாது. உங்களால முடியும்."

எட்டாவது பாட்டு, மொய்ரா, முக்கால் நிமிடம் என்று அவள் என் காதில் கத்திச் சொன்னாள். போனைப் பைக்குள் போட்டு, என் வரிசையில் இருபுறமும் இருந்தவர்களை உட்கார வைத்துவிட்டுப் படியில் இறங்கினேன்.

ஐந்தாவது வரிசைத் தம்பதி, நான் பேசி முடிக்கும் முன்பே உட்கார்ந்துவிட்டார்கள். நான்காவதில் ஒரு சீனப் பெரியவர் மகளோடு நின்றிருந்தார். அவருக்கு என் ஆங்கிலம் கேட்கவில்லை. ஆனால் கை காட்டிய திசையில் பார்த்தார், தலையாட்டினார், உட்கார்ந்தார். மூன்றாவதில் முக்காடு அணிந்த நான்கு மலாய்ப் பெண்கள். அவர்களிடம் மலாயில் கெஞ்ச வார்த்தை தேடினேன். ஒருத்தி, "ஓகே பாங், ஓகே," என்று என்னை அண்ணனாக்கி, மற்றவர்களையும் இழுத்து உட்கார வைத்தாள்.

நான் இரண்டாவது வரிசைக்கு வந்தபோது ஏழாவது பாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. அங்கே மூன்று இளைஞர்கள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். நடுவில் இருந்தவன் நம் ஆள்.

"பாஸ், இது ரோக் கான்சர்ட் லா. இங்க வந்து யாராச்சும் உட்காருவாங்களா?"

எனக்கு நானே பேசுவதுபோல் இருந்தது. "பின்னாடி பாருங்க," என்றேன்.

அவன் திரும்பினான். உட்கார்ந்திருந்த நான்கு வரிசை மனிதர்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கம்பியைப் பிடித்தபடி ஷாமினி.

"எத்தன பாட்டுக்கு?" என்றான்.

"எட்டாவது மட்டும்."

அவர்கள் உட்காரவில்லை. இறங்கி, இரண்டு பேர் இந்தப் பக்கமும் ஒருவன் அந்தப் பக்கமுமாக நகர்ந்து நின்றார்கள். இறங்கியவனே முதல் வரிசைக்காரர்களையும் தட்டி ஒதுக்கிவிட்டான். முன் இரண்டு வரிசையிலும் தலைவகிடு எடுத்ததுபோல் ஓர் இடைவெளி விழுந்தது.

(உண்மையைச் சொன்னால் வகிடு கோணல். அதன் வழியே பாடகன் தெரியவில்லை, பெரிய திரையும் தெரியவில்லை. மொய்ராவும் டிரம்ஸும் மட்டும்தான்.)

7

நான் என் இருக்கைக்குத் திரும்பியிருந்தேன். எட்டாவது பாட்டின் நடுவே கிட்டார்கள் ஓய்ந்தன. மொய்ரா எழுந்து நின்றாள்.

முக்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, வலப்பக்கம் இருந்த பெரிய டிரம்மின் மேல் குனிந்து, பஞ்சு சுற்றிய இரண்டு கோல்களால் இரு கையாலும் அறைந்தாள். தும். தும். அது எங்கள் நெஞ்செலும்பில் வந்து விழுந்தது.

"எழுந்துட்டாடா!" ஷாமினியின் குரல் என் பிடரியில் அறைந்தது. "கால் இல்ல! லோகன், காலே இல்லடா! எல்லாம் கை!"

பஞ்சடைத்த லோகனுக்குப் பாதிதான் கேட்டது. "யாருக்குக்கா கால் இல்ல?" என்று பதறினான். அவள் சக்கரத்தின் இரண்டு விளிம்பிலும் உள்ளங்கையால் மொய்ராவோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். ஓர் அடிகூடப் பிசகவில்லை.

(அவள் கண்களில் நீர் வழிந்தது என்று எழுதியிருந்தேன். "வேர்வை" என்று திருத்தி அனுப்பினாள். இரண்டும் அச்சில் இருக்கட்டும்.)

ஒன்பதாவது பாட்டுக்கு இரண்டாவது வரிசை இளைஞர்கள் மறுபடி நாற்காலிமேல் ஏறினார்கள். பேச்சு அப்படித்தானே. மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் கடைசிவரை உட்கார்ந்தே இருந்தேன். அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை, எனக்கும் எதுவும் தெரியவில்லை.

8

டெங்கிலில் ஒருவர் கையால் வாசிக்கும் பழைய பெரிய டிரம் ஒன்றை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, லோகன் லோரியில் போய் ஏற்றி வந்தான். பக்கத்து வீட்டு நல்லம்மாள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மதியானம் மட்டும் வாசிம்மா," என்று சமாதானமாகப் போய்விட்டார். நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய்க் கேட்டேன். அந்த முக்கால் நிமிடத்தில் அரை நிமிடம்வரை வந்திருக்கிறாள்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்த மேடை இன்னும் ஒரு சாண்தானே அங்கிள்?"

ஏற்பாட்டாளர்களுக்கு அவளே கடிதம் எழுதினாள். மூன்றாவது கடிதத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் வரட்டுமா என்றேன். "கத எழுதுறவங்க வேணாம். அளவு எடுக்கறவங்கதான் வேணும்," என்று லோகனையும் ஓர் அளவு நாடாவையும் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டரை அடி உயர்த்த வேண்டும் என்று கணக்குக் காட்டியிருக்கிறாள். அவர்கள் குறித்துக்கொண்டு, பார்க்கிறோம் என்றார்கள்.

ஒரு முடிவில் மேடை உயர்ந்துவிடுகிறது. இன்னொன்றில், பார்க்கிறோம் என்றவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எதை எழுத என்று கேட்டேன்.

"ரெண்டும் வேணாம். மார்ச்சுல வேற ஒரு குழு வருது. டிக்கெட் எடுத்துட்டேன்."

ஆகவே முடிவு என் கையில் இல்லை. மார்ச்சில் அவளுக்கு முன்னால் ஆறு வரிசை இருக்கும். அதில் ஓர் இருக்கையைத்தான் என்னால் நிரப்ப முடியும். மற்றவற்றில் யார் உட்காரப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. விளக்கு அணைந்து முதல் கிட்டார் ஒலிக்கும், எல்லோரும் எழுவார்கள், நீங்களும் எழுவீர்கள். எழுந்திருங்கள், அதற்குத்தானே வந்தீர்கள். எழுந்ததும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள்.