ஆன்ல இருக்கிற மாதிரி ஒரு மைக்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ரிப்பேர் கடையில் கிடைத்தது. திருத்தணியில், அரக்கோணம் ரோட்டில், கோமளவல்லியின் கடை. இடப்பக்கம் ஊமையாகிவிட்ட ஸ்பீக்கரை அவரிடம் கொண்டுபோயிருந்தேன். அதைத் திறந்து வைத்துவிட்டு, "நீங்க கதை எழுதுறவருதான சார்? ஒரு மேட்டர் சொல்றேன். பேரை மட்டும் மாத்திப் போட்டுக்குங்க" என்றார்.

மாற்றிவிட்டேன். தனக்குக் கொஞ்சம் ஸ்டைலான பெயராக வைக்கச் சொன்னார். கோமளவல்லி என்று வைத்தேன். இந்தக் கதையில் என் அதிகாரம் செல்லுபடியான ஒரே இடம் அதுதான்.

முதலில் எழுதிய தொடக்கம்: "மலைமேல் முருகன் துயிலெழும் வேளையில், அடிவாரத்தில் ஒரு..."

(அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எதை எழுத ஆரம்பித்தாலும் பேனா தானாகப் படியேறிவிடுகிறது.)

இரண்டாவது: "அனலாக் சுவிட்ச் என்பது யாதெனில்..."

(இதற்கு வாசகர் படியிறங்கிவிடுவார்.)

ஆகவே நடந்ததையே சொல்கிறேன்.

2

கோமளவல்லி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ஊரோடு வந்து சொந்தக் கடை வைத்தார். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்வார், விசேஷங்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடுவார்.

ஒருநாள் நாகராஜன் வந்தார். அவர் ஒரு கல்யாண மண்டபத்தின் முதலாளி. அவர் வசிக்கும் நகரின் நலச்சங்கத்துக்கு நிரந்தரத் தலைவரும் அவரே. தேர்தல் வைத்தால் வீண் செலவு என்று தேர்தலே வைக்காதவர்.

"நம்ம மீட்டிங்குக்கு ரெண்டு மைக் வேணும்மா. மேடைக்கு ஒண்ணு, ஜனங்களுக்கு ஒண்ணு. ஜனங்க மைக் ஆன்ல இருக்கிற மாதிரியே இருக்கணும். பச்சை லைட்டு எரியணும். ஆனா ஆன்ல இருக்கக் கூடாது."

"டேபிளுக்கு அடியில ஒரு சுவிட்ச் வெச்சுத் தரேன் சார்."

"சுவிட்ச் போட்டா ஸ்பீக்கர்ல டொப்புனு சத்தம் வருமே! தெரிஞ்சு போயிடாது?"

விஷயம் இதுதான். நகரின் பொது இடத்தில் ஒரு போர்வெல் இருந்தது. எல்லா வீட்டுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, போரை மூடிவிட்டு, பக்தர்களுக்கு லாட்ஜ் கட்டப் பச்சையப்பன் ஆசைப்பட்டார். பச்சையப்பன் நாகராஜனின் அக்கா புருஷன், அதாவது பாவா. கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசாமல் கையைத் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது.

(ஒரு மனுஷன் இப்படியா வெட்டவெளிச்சமாகக் கேட்பான் என்று எனக்குச் சந்தேகம். கோமளவல்லியிடமே கேட்டேன். "நம்மகிட்ட இன்னா ஒளிவு சார்? டாக்டரையும் மைக்செட்காரங்களையும் யாரும் மனுஷங்க கணக்குல சேக்க மாட்டாங்க" என்றார்.)

கோமளவல்லி ஒப்புக்கொண்டார். முகூர்த்த நாட்களில் அந்த மண்டபத்துக்கு இவருடைய மைக்செட்தான் போகும். முடியாது என்றால் அது போய்விடும்.

3

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், சின்னதுதான்.

டொப் சத்தம் வராமலிருக்கக் கோமளவல்லி அந்தப் பொத்தானோடு சேர்த்தது ஓர் அனலாக் சுவிட்ச் சிப், விரல் நகத்தைவிடச் சிறியது. சத்தம் போகும் வழியில் அது ஒரு கதவு. சாதாரண சுவிட்சைப்போல் உலோகம் உலோகத்தோடு மோதாது. ஓசையில்லாமல் திறக்கும், ஓசையில்லாமல் மூடும். கோமளவல்லியிடம் இருந்தது குறைந்த வோல்ட்டேஜ் ரகம். மூன்று வோல்ட் சொச்சம் கொடுத்தால் போதும்.

அதற்கு ஒரே ஒரு பலவீனம். அதற்கு நாம் கொடுக்கும் வோல்ட்டேஜைவிட, மைக்கிலிருந்து வரும் சத்தத்தின் வோல்ட்டேஜ் அதிகமாகிவிட்டால், மூடிய கதவு தாங்காது. மிஞ்சிய சத்தம் கரகரவென்று பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

மைக்கின் வோல்ட்டேஜ் கொசுவுக்குச் சமம். ஆனால் கோமளவல்லி சிப்பை வைத்த இடம், அந்தக் கொசுவை ஊதிப் பெரிதாக்கும் பகுதிக்குப் பிறகு. அங்கே ஒருவர் கத்தினால் மூன்று வோல்ட்டைத் தாண்டிவிடும்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை, நாகராஜனின் மண்டபத்திலேயே கூட்டம். மேடையில் அவரும் பச்சையப்பனும். கீழே ஸ்டாண்டில் ஜனங்களின் மைக், பச்சை விளக்கோடு.

முதலில் எழுந்தவர் மணியம்மை, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தட்டோடு ஓடும் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பழகிய குரல். அவர் "வணக்கம்" சொன்னதும் நாகராஜன் மேசைக்கு அடியில் பொத்தானை அழுத்தினார். குரல் ஓசையில்லாமல் நின்றது.

மணியம்மை மைக்கைத் தட்டினார். விளக்கு எரிந்தது. "கேக்குதா?" என்றார்.

"கேக்கலக்கா!" என்றது பின்வரிசை.

அவர் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். நாகராஜன் அதற்குள் தன் மைக்கில் தொடங்கிவிட்டார்.

"இந்த எடத்தை இன்னாத்துக்குக் குடுக்கறோம்னா..."

"பாவா!" என்றது ஸ்பீக்கர்.

"இதனால நம்ம நகருக்கு..."

"தண்ணி!"

"கெடைக்கப் போறது..."

"இல்ல!"

மணியம்மை பேசியது நீளமாகத்தான். "எல்லாம் உங்க பாவாவுக்கோசரம், போரை மூடிட்டா தண்ணிக்கு எங்க போறது, எங்களுக்கு இஷ்டம் இல்ல" என்று முன்வரிசைக்கு முழுதாகவே கேட்டது. ஸ்பீக்கருக்கு வந்தது உச்சத்தில் கத்திய சொற்கள் மட்டும்.

(சொற்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்தியிருக்கிறேன். "இல்ல" உண்மையில் முதலில் வந்ததாம். மன்னியுங்கள், இவ்வளவு அழகாக நடந்ததை இன்னும் கொஞ்சம் அழகாக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.)

மண்டபம் சிரித்தது. மணியம்மை சிரிக்கவில்லை, தன் வாயிலிருந்து போனதும் ஸ்பீக்கரில் வந்ததும் வேறு வேறு என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. "மைக்கு ஆன்ல இல்ல! நம்பள ஏமாத்திகினு கீறாங்க!" என்று கத்தினார். பயத்தில் நாகராஜன் பொத்தானை மறுபடி அழுத்த, கதவு முழுதாகத் திறந்து, அந்தக் கடைசி வார்த்தைகள் தெருமுனைவரை கேட்டன.

"மச்சான், மானம் போவுது, எழுந்திரு" என்றார் பச்சையப்பன்.

யாரும் கை தூக்கவில்லை. நாகராஜன், "அப்ப நான் ராஜினாமா பண்றேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார், யாராவது வேண்டாம் என்பார்களென்று. அதற்கு மட்டும் எல்லாருடைய கையும் உயர்ந்தது. மணியம்மை தலைவரானார்.

5

மறுநாள் நாகராஜன் அந்த மைக்செட் பெட்டியைக் கடையில் கொண்டுவந்து வைத்தார். "இன்னாம்மா செஞ்சு குடுத்த?"

"சாதா பேச்சுக்குத்தான் சார் அது தாங்கும். கத்துவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே."

கோமளவல்லி இதை வேண்டுமென்றே செய்தார் என்று என் பிரதியில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தார்.

"தப்பா போட்டுட்டேன்னு எழுதுங்க சார்."

"உண்மையிலேயே தப்பா?"

"ஆங். நான் இந்த ஊர்ல கடை நடத்தணும்ல."

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சில மாதம் கழித்து நான் கடையில் இருந்தபோது மணியம்மை வந்தார்.

"கோமளா, அதே மாதிரி ஒரு பாக்ஸ் செஞ்சு குடும்மா. ஆனா இதுல யாரு கத்துனாலும் வெளிய வரக் கூடாது."

கோமளவல்லி நிமிர்ந்து பார்த்தார். "இன்னாக்கா நீங்களே?"

"போர் மோட்டாரு புகைஞ்சுபோய்க் கெடக்குது. புதுசு வாங்கறதுக்குத் தீர்மானம் போடணும். அந்த நாகராஜன் ஒவ்வொரு மீட்டிங்குலயும் மைக்கைப் புடிச்சுகினு விட மாட்டேங்கறான். குடத்தைத் தூக்கிகினு தெருத்தெருவா அலையறோம். ஒரே ஒரு மீட்டிங்குக்கு மட்டும்மா."

அவர் போன பிறகு கோமளவல்லி இரண்டு சிப்பை மேசையில் வைத்தார். ஒன்று பழைய ரகம். மற்றது பன்னிரண்டு வோல்ட் தாங்குவது. எவ்வளவு கத்தினாலும் திறக்காது.

நான் முடிவுகளைச் சொல்லிப் பார்த்தேன். பழையதையே வைத்துவிடுங்கள் என்றேன். "அப்புறம் தண்ணி நீங்க வந்து ஊத்துவீங்களா?" என்றார். புதியதை வையுங்கள் என்றேன். "அப்ப நாகராஜன் பண்ணது மட்டும் இன்னா தப்பு?" என்றார். முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். "பக்கத்துக் கடையில செஞ்சு குடுத்துடுவான். அது இதைவிட நல்லாவே மூடும்."

நான்காவதாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை. சாலிடரிங் அயர்ன் சூடாகிவிட்டது. வாசகரே, உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.